குளிக்கத் தெரிந்தவர்

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தால் என் தாய்மாமாவுக்கு வீட்டில் கால் தரிக்காது. மன்னார் வளைகுடாவில், அரசு காவல் போட்டிருக்கும் பவளப்பாறைகளை, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி நீரில் மிதக்கவிட்டுக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு விடியற்காலை என்னையும் அப்பாவையும் வேனில் ஏற்றினார். குமரிக் கடற்கரையிலேயே வாழும் தேங்காய்ப்பட்டணத்துக்காரர்களைக் கடல் பார்க்கக் கூட்டிப்போகிறோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அப்பா பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர். இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு இறங்கினால் அதை நிரப்பத்தான் அவருக்கு நேரம் இருக்கும். கடலில் மூழ்குவதை எங்கள் கரையில் குளிப்பது என்றுதான் சொல்வோம். சுனாமிக்குப் பிறகு என்னை முழங்காலுக்கு மேல் அவர் இறங்க விடவில்லை. நானா கேட்பேன்? அவருக்குத் தெரியாமல் ஆற்று முகத்தில் மூழ்கி அடிமண் அள்ளிப் பழகியிருந்தேன். அப்போது ஆறாம் வகுப்பு.

படகில் எங்களோடு ஒரு சென்னைக் குடும்பம் இருந்தது. வழிகாட்டியாக வந்த இளைஞரும் சென்னைதான். எதையும் தொடக்கூடாது, எடுக்கக்கூடாது, மிதவைச் சட்டையைக் கழற்றக்கூடாது என்று அடுக்கிவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

“அங்கிள், நீச்சல் தெரியுமா?”

“நான் சின்னதுலேருந்தே குளிக்குதவனாக்கும்.”

“குளிக்க எல்லாருக்கும் தெரியும் அங்கிள். நீச்சல்?”

படகே சிரித்தது. மாமாவும் சிரித்தார், அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அப்பா ஏதாவது திருப்பிச் சொல்வார் என்று பார்த்தேன். அவர் ஆரஞ்சு மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, சென்னைக் குழந்தைகள் இருவரோடும் சேர்ந்து மிதவை வளையத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

நானும் முகத்தை நீருக்குள் வைத்தேன். மான்கொம்பு மாதிரிக் கிளைத்த பவளங்கள், மஞ்சள் வரி போட்ட மீன்கள், எல்லாம் இருந்தன. எனக்கு அவையா தெரிந்தன? கயிற்றைப் பிடித்திருந்த அப்பாவின் கைதான் தெரிந்தது. சட்டையின் கொக்கிகளைக் கழற்றி நழுவி, தலைகீழாக உள்ளே போனேன். இரண்டு ஆள் ஆழம் இருக்கும். காது வலித்தது. பவளத்தின் அடியில் மணலில் கிடந்த ஒரு சங்கைப் பற்றிக்கொண்டு மேலே வந்து, கையை உயர்த்திக் கத்தினேன்.

“இதாக்கும் குளிக்கது. எங்கப்பா இதவிட ஆழத்துல குளிப்பாரு.”

வழிகாட்டி விசில் ஊதி எல்லோரையும் படகில் ஏற்றினார். இது குற்றம், வழக்காகும் என்றார். நான் கையைத் திறக்கவில்லை. மாமா அப்பாவிடம் கெஞ்சினார். “அத்தான், அவள்ட்ட குடுக்கச் சொல்லுங்க.”

“ஏட்டி, கையத் தொற,” என்றார் அப்பா.

திறந்தேன். சங்குக்குள் உயிர் இருந்தது. மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. எங்கே எடுத்தாய் என்று அப்பா கேட்டார். காட்டினேன். மிதவைச் சட்டையைக் கழற்றி வழிகாட்டியின் கையில் கொடுத்துவிட்டு, சங்கை வாங்கிக்கொண்டு தண்ணீர் தெறிக்காமல் இறங்கினார்.

வரவில்லை. சென்னை அம்மாள் “என்னாச்சு?” என்று இரண்டு தடவை கேட்டாள். வழிகாட்டி தண்ணீரில் குதிக்கத் தயாராகிவிட்டார். சீக்கிரம் வந்துவிடாதீர்கள் அப்பா என்று வேண்டிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

ஒருவழியாகத் தலை தெரிந்தது. இரண்டு கைகளும் வெறுமையாக இருந்தன.

“சார், எத்தனை வருஷமா நீந்துறீங்க?” என்றார் வழிகாட்டி. அங்கிள் போய் சார் வந்திருந்தது.

“நீந்தயில்ல, குளிக்குதேன்,” என்றார் அப்பா.

சங்கை எடுத்தது தப்புதான். ஆனால் அன்று மூழ்கியதற்கு நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. திரும்பும்போது வேனில் அப்பாவிடம் கேட்டேன். “வேணும்னுதானே அவ்வளவு நேரம் உள்ள நின்னீங்க? அவனுவள பயங்காட்டத்தானே?”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். “ஒண்ணும் எடுக்காண்டாம்னா, கீழ எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கலாம் மக்ளே.”

வழிகாட்டிக்குக் கொடுத்த சவுக்கடி அது என்று எடுத்துக்கொண்டு, வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இடுப்பில் பை இல்லாமல் அப்பா கடலுக்குள் போனது அதுதான் முதல் தடவை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.