மூன்று முறை அழுத்த வேண்டிய பொத்தான்

செவ்வாய்க்கிழமை மாலை ராயபுரம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும்போது பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ‘நம் பங்கைச் சேர்ந்த ஞானராஜ் இறைவனில் துயில் கொண்டார்.’ அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் ஒன்றை அனுப்பினேன். அனுப்பிவிட்டு அப்படியே ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதமாக அந்த மனிதரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை வைத்துக்கொண்டு அவர் கண்ணில் படாமல் ஓடிக்கொண்டிருந்தவள் நான். இனி ஓட வேண்டாம் என்று ஒரு கணம் மனசு லேசானது. அந்த ஒரு கணத்துக்காக என்னை நான் மன்னிக்கப்போவதில்லை.

எண்ணூரில் குழாய் பொருத்தும் வேலை அவருக்கு. ஷிப்ட் முடிந்து வேனில் வரும்போது நெஞ்சு வலி. திருவொற்றியூருக்கு இந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வாலும் தலையும் தெரியாமல் நின்றிருந்தன. கூட வந்தவர்கள் அவரை ஒரு பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்து லாரிகளின் சந்து வழியாக ஓட்டிப் போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. ஐம்பத்திரண்டு வயது சாகிற வயதா? அந்த ரோட்டில் தினமும் போகிற நமக்கு யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரிவதில்லை.

அவருடைய மனைவி லூர்து இறந்துபோன நாள், நம் பங்கில் இருக்கும் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். புயல் மழை, தெருவில் முழங்கால் தண்ணீர். நம் பக்கத்தில் பேண்டு வாசிக்காமல் சவப்பெட்டி தெருவைத் தாண்டாது. அன்று பேண்டுக்காரர்கள் வர முடியவில்லை. மீன் ஏற்றும் குட்டியானை வண்டியில், தார்ப்பாய் போட்டு, சத்தமில்லாமல் எடுத்துப் போனோம். கல்லறையிலிருந்து திரும்பும்போது ஞானராஜ் என்னிடம், “ஒரு டிரம் இல்ல, ஒரு ஊதல் இல்ல. அனாதைப் பொணம் மாரி அனுப்பிட்டேன் ஸ்டெல்லாம்மா” என்றார். லூர்துக்கு ஒரு மாதா பாட்டு உயிர். மீன் கழுவும்போதுகூட அதைத்தான் முணுமுணுப்பாள். வருஷ நினைவுத் திருப்பலியில் அந்தப் பாட்டைத் தானே வாசிக்கப் போவதாக நாற்பதாம் நாள் ஜெபத்தில் அவர் அறிவித்தபோது, துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரமே, கலைந்துபோன ஒரு பேண்டு செட்டிலிருந்து பழைய சாக்ஸபோன் ஒன்றை வாங்கிவந்தார். அதுவரை விசில்கூட அடித்தறியாதவர். முதல் பத்து நாள் லாரி ஹாரன் சத்தம்தான். “இன்னா அண்ணாத்தே, வூட்ல எருமை கட்டிக்கீறியா?” என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. கீழுதட்டைப் பல்மேல் மடித்து ஊத வேண்டும் என்று எங்கோ பார்த்து, உதடு கிழிந்து, சாப்பாட்டில் காரம் சேர்க்க முடியாமல் தயிர்சோறு தின்றார். ஊதுவாயில் கட்டும் மூங்கில் சீவல் போன்ற ரீடை ஒரு மாதம் தலைகீழாகக் கட்டியிருந்தாராம். தெருவில் பேச்சு அதிகமானதும், கடலரிப்புக்குக் கல் கொட்டிய கரைக்குப் போய் ஷிப்ட் முடிந்த சாயங்காலங்களில் அலையைப் பார்த்து ஊதினார். அலை இரைச்சலில் யாருக்கும் தொந்தரவில்லை. அவர் ஊதுவதைச் சரி, தப்பு என்று சொல்லவும் அங்கே யாருமில்லை.

குரு என்றால் ஃபோனில் வரும் வீடியோதான். ஏதோ ஒரு வெளிநாட்டுக்காரர் நிறையப் பேசிவிட்டுக் கொஞ்சம் வாசித்துக் காட்டுவார். பேசும் இடமெல்லாம் இவர் தள்ளிவிடுவார். “அவன் இன்னா பேசறான்னு எவனுக்குப் புரியும்? வெரல மட்டும் பாப்பேன். வெரல் பொய் பேசாது.” ஒரு நோட்டில் விரல் வைக்கும் ஓட்டைகளை வட்டம் வட்டமாக வரைந்து, மூடுவதைக் கறுப்பாக்கி, பக்கத்தில் சுரத்தின் எழுத்தை எழுதிக்கொண்டார். இடது சுண்டுவிரல் அவருக்குப் பாதிதான். எப்போதோ குழாய் மூட்டில் நசுங்கிப் போனது. அந்த விரல் தேவைப்படாத சுரங்களாகப் பார்த்துப் பாட்டை அமைத்திருந்தார். “பைப் வேலையும் இதுவும் ஒண்ணுதான். காத்து லீக் ஆவக் கூடாது, அவ்ளோதான்” என்பார்.

திருப்பலிக்கு ஒரு வாரம் முன்பு என் வீட்டுக்கு வந்தார். “ஸ்டெல்லாம்மா, ஒரே ஒரு தபா சேந்து வாசிச்சிப் பாத்துக்கலாமா?” இருபது வருஷமாகக் கோயிலில் கீபோர்டு வாசிப்பவள் என்ற மிதப்பு எனக்கு. அன்று அலுவலகத்தில் ஒரு சரக்குக் கப்பலின் காகிதங்கள் சிக்கலாகி, மேலாளர் கத்தித் தீர்த்திருந்தார். வீட்டில் துணி வேறு குவிந்து கிடந்தது. “அதுக்கு எதுக்கு அண்ணே ரிகர்சல்? சி சுதியில எடுங்க, நான் பாத்துக்கறேன்” என்று வாசலிலேயே நிற்கவைத்து அனுப்பினேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிறு உங்களுக்கு மறந்திருக்காது. வெள்ளைச் சட்டை, புளி போட்டுத் தேய்த்த சாக்ஸபோன். நற்கருணை முடிந்து பாட்டைத் தொடங்கினேன். அவரும் தொடங்கினார். ராகம் அதேதான், விரல் அதேதான், ஆனால் சுருதி எங்கோ போய்விட்டது. இரண்டும் மோதிய அசிங்கத்தில் முன்வரிசைக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. சிலர் சிரித்தீர்கள். அவர் நிறுத்திவிட்டு, வாத்தியத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஒருமுறை ஊதிப் பார்த்தார். அப்புறம் லூர்துவின் போட்டோவுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டார். நான் ஒலியைக் கூட்டிவைத்துப் பாட்டை முடித்தேன். “நல்லவேளை, நீங்க சமாளிச்சிட்டீங்க” என்றார் சாமியார். தேங்க்ஸ் ஃபாதர் என்றேன். வெட்கம்கெட்ட வாய்.

அன்று மதியமே, மெல்லிசைக் குழுவில் சாக்ஸபோன் வாசிக்கும் ஒருவரை ஃபோனில் பிடித்துக் கேட்டேன். அவர் சிரித்தார். “இதுகூடவா தெரியாது? அந்த வாத்தியத்துல சி-ன்னு ஊதினா உன் கீபோர்டு சி வராதும்மா, கறுப்பு வெள்ளை எல்லாம் சேத்து மூணு கட்டை மேல தள்ளித்தான் வரும். அதோட பொறப்பே அப்படி. உன் கீபோர்டுல சுதி மாத்தற பட்டன் கீதுல்ல, அத மூணு தபா அமுக்கினா வேலை முடிஞ்சிது.” மூன்று முறை. ஐந்து விநாடிகூட ஆகாது. வீட்டில் ஒருமுறை சேர்ந்து வாசித்திருந்தால் முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். அவர் ஒரு சுரம்கூடத் தப்பாக வாசிக்கவில்லை. சி-யில் எடுக்கச் சொன்னவள் நான்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளினேன். ‘ஞானராஜுக்குக் காது கேக்காது போல, லூர்து பாட்டையே கெடுத்துட்டான்’ என்று கோயில் வாசலில் பேச்சு நடந்தபோது பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் இருபது வருஷப் பெயர் போய்விடுமே! ஒரு மாதம் போனபின் அவரே மூன்று தடவை என்னிடம் வந்தார். கோயில் கேட்டில் ஒருமுறை, ரேஷன் கடையில் ஒருமுறை, பஸ் நிறுத்தத்தில் ஒருமுறை. மூன்று தடவையும், “ஸ்டெல்லாம்மா, ஒரு நிமிசம், ஒரு விசயம் பேசணும்.” மூன்று தடவையும், “அண்ணே, லேட்டாவுது, அப்புறம் பேசலாம்.” நியாயம் கேட்கத்தான் வருகிறார் என்று பயந்தேன். மூன்றாம் தடவை அவர் கையை மட்டும் லேசாகத் தூக்கி, “செரிம்மா, நீ போ” என்றார். அதுதான் நான் கேட்ட அவருடைய கடைசி வார்த்தை.

ஏழாம் நாள் ஜெபம் முடிந்ததும் அவருடைய தங்கை பிலோமினா சாக்ஸபோன் பெட்டியை என்னிடம் தூக்கிவந்தாள். “நீயே வெச்சிக்கோக்கா. வூட்ல இத்தப் பாத்தாலே பேஜாரா கீது.” வீட்டுக்கு வந்து திறந்தேன். இடது சுண்டுவிரல் அழுத்தும் கட்டையின்மேல் சிறிய பித்தளைத் துண்டு ஒன்று பற்றவைத்திருந்தது. கடையில் செய்த வேலை இல்லை, குழாய்க்காரர் கைவேலை. அந்த அரை விரல் எட்டுவதற்காக நீட்டியிருக்கிறார். எதற்கு? அந்தப் பாட்டுக்குத்தான் அந்த விரலே வேண்டாமே.

அடியில் அந்த நோட்டு இருந்தது. பழைய பக்கங்களில் பாட்டு, நான் சொன்ன சி-யில். கடைசிப் பக்கத்தில் அதே பாட்டு மறுபடி, முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை எல்லாம் மூன்று கட்டை கீழே இறக்கி எழுதியது. அப்படி இறக்கினால் சுண்டுவிரல் வேண்டும். அப்படி வாசித்தால் என் கீபோர்டோடு அச்சாகப் பொருந்தும். மேலே தேதி போட்டிருந்தார். திருப்பலி முடிந்து பதினாறாவது நாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பதினாறே நாளில், யாரையும் கேட்காமல், தானே கண்டுபிடித்திருக்கிறார். அதைச் சொல்லத்தான் மூன்று தடவை வந்தார். வா, மறுபடி வாசிக்கலாம் என்று கூப்பிடத்தான் வந்தார். நான் எட்டு மாதம் ஓடினேன்.

அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: ஞானராஜ் அன்று சரியாகத்தான் வாசித்தார். கெடுத்தது ஸ்டெல்லா. இதைக் கோயிலிலேயே எழுந்து சொல்லத் துணிவில்லாமல் எழுத்தில் சொல்கிறேன்.

வாத்தியமும் நோட்டும் என்னிடம் இருக்கின்றன. தினமும் ஊதிப் பார்க்கிறேன். லாரி ஹாரன்தான் வருகிறது, உதடு கிழிகிறது. வரும் மழைக்காலத்தில் இருவருக்கும் சேர்த்து நினைவுத் திருப்பலி. அந்தப் பாட்டை நான் கீபோர்டில் வாசிப்பேன். சாக்ஸபோனை அவர் நின்ற இடத்தில் நாற்காலிமேல் வைப்பேன். பொத்தானை அழுத்த மாட்டேன். அவர்தான் எப்போதோ என் சுருதிக்கு வந்துவிட்டாரே.