தெருவின் மூன்றாவது மூடி

நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள், பாதாள சாக்கடைக்கு ஐந்து இரும்பு மூடிகள். மூன்றாவது மூடி என் கேட்டிலிருந்து ஒன்பது தப்படியில் இருக்கிறது. மில்லில் முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவன் நான். எண்ணாமல் இருக்க வராது. மனைவி போய் ஆறு வருஷம். மகள் பிரான்சில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். பதினோரு நிமிஷத்தைத் தாண்டியதில்லை.

மற்றபடி என்னோடு யாராவது பேச வேண்டுமென்றால் மழை பெய்ய வேண்டும்.

ஐப்பசியில் மழை பிடித்தால் அரைமணியில் தெருவில் கணுக்கால் தண்ணீர். உடனே எதிர்வீட்டுக்காரர் குரல் கொடுப்பார்: "சார், கடப்பாரைய எடுங்க! வண்டி மெதக்குது!" தெருவில் கடப்பாரை என் வீட்டில்தான் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் மூடியை நெம்பி நகர்த்துவேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கும். இருபது நிமிஷத்தில் ரோடு தெரியும். மாடிகளிலிருந்து "சூப்பர் சார்" என்பார்கள். யாராவது ஒரு டம்ளர் டீ கொண்டுவருவார்கள். மழைத்தண்ணீர் போனால் சாக்கடையும் சுத்தமாகிவிடும் என்று நான் வேறு விளக்கம் சொல்வேன். அந்த டீயை மெதுவாகக் குடிப்பேன்.

போன ஐப்பசியில், பெரிய மழைக்கு மறுநாள் காலை, கடைசி வீட்டுத் தையல்கார பாயின் மனைவி கேட்டருகே வந்து நின்றார். தெருவிலேயே பள்ளமான வீடு அவர்களுடையது.

"அண்ணே, தப்பா நெனக்காதீங்க. அந்த மூடி ரோட்டுல உராயற சத்தம் கேட்டதும் நாங்க பாத்ரூம் ஓட்டையில துணி அடைச்சிடுவோம். நேத்து அடைச்சும் நிக்கல."

எனக்குப் புரியவில்லை. கூடவே போய்ப் பார்த்தேன். குளியலறைச் சுவரில் கறுப்புக் கறை, ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு கோடுகள். முந்தின நாள் சாக்கடை பொங்கித் தையல் மெஷின் கால்வரை வந்திருந்தது. யாருக்கோ தைத்து வைத்திருந்த சட்டைகளை வாளியில் ஊறப்போட்டிருந்தார். வீடுகளின் கழிவுக்கென்று போட்ட குழாய் அது. அதில் ஒரு தெருவின் மழையையும் நான் தள்ளிவிட்டேன். கொள்ளாதது பள்ளத்து வீட்டில் வெளியே வந்தது. ஏழு முறை. ஏழு டீ.

மழைத்தண்ணீருக்கென்று ரோட்டோரம் வாய்க்கால் இருக்கத்தான் செய்கிறது. வண்டி ஏற்ற ஆளாளுக்கு அதன்மேல் சிலாப் போட்டு, கீழே மண் அடைந்து கிடக்கிறது. பதினேழு சிலாப். என்னுடையதும் அதில் ஒன்று.

அடுத்த மழைக்கு எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டபோது, "இனிமே திறக்கமாட்டேன், அது தப்பு" என்றேன்.

"இன்னா சார், வயசாயிடுச்சா? கடப்பாரையக் குடுங்க, நாங்க பாத்துக்கறோம்."

கொடுக்கவில்லை. தண்ணீர் வடிய மூன்று மணி பத்து நிமிஷம் ஆயிற்று. இரண்டு வீட்டு வராந்தாவில் ஏறிவிட்டது.

மறுநாள் பாய் வீட்டுக்குப் போய் விசாரித்தேன்.

"வரலண்ணே," என்றார் அந்தம்மா. குரலைத் தணித்துக்கொண்டு, "ஆனா ஒண்ணு. நாங்க சொல்லித்தான் நீங்க திறக்கலன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இந்தத் தெரு துணியத்தான் நாங்க தைக்கணும்."

சரி என்றேன்.

என் வாசல் சிலாப்பை உடைத்து வாய்க்காலில் மண் அள்ளினேன். ஒன்பது கூடை, இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் என்னைக் கடந்துபோனவர்கள் முப்பத்தெட்டு பேர். என்ன செய்கிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் மறுபடி பிடித்துக்கொண்டது. யாரும் கூப்பிடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டுக்காரர் புதுக் கடப்பாரையோடு தண்ணீரில் இறங்குகிறார். குடையை எடுத்துக்கொண்டு ஓடி மூடிமேல் ஏறி நின்றேன்.

"தள்ளு பெருசு."

"தண்ணி வாய்க்கால்ல போகணும்."

"வாய்க்கால் எங்க கீது?"

"உன் காருக்கு அடியில."

மாடியில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உனக்கு இன்னாய்யா வந்துச்சி? உன் வீட்லயா பொங்குது?"

பதில் என்னிடம் இருந்தது. சொல்லவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

இரண்டு மணி ஐம்பது நிமிஷம் நின்றேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்து, மெல்ல இறங்கியது. நடுவில் ஒருமுறை தெருக்கோடியில் பாய் வீட்டு ஜன்னல் திறந்தது. அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் குடையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன். அக்கம்பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.