திமிலுக்கு ஒருவர்தான்

பாண்டிச்செல்வி அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாள். ஞாயிறு மதியமானால் காளவாசலில் ஒரு செல்போன் கடை மாடிக்குப் போய்விடுவாள். கடைக்காரர் ஜெயபாண்டி அங்கே கதை சொல்லிப் பகடை விளையாட்டு நடத்துகிறார். ஆளுக்கொரு பாத்திரம். எதை வேண்டுமானாலும் செய்யப் பார்க்கலாம். நடக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பாத்திரம் செத்தால், வாசல் பெஞ்சில் காத்திருப்பவருக்கு நாற்காலியைக் கொடுத்துவிட வேண்டும். பாண்டிச்செல்வியின் பாத்திரம் செம்பி இதுவரை சாகவில்லை.

செம்பியிடம் வாள் கிடையாது. வெட்டுவதற்குப் பதில் பிடிப்பாள், தள்ளுவாள், காலை வாரிவிடுவாள். இவற்றுக்கெல்லாம் விதி ஒன்றுதான். செய்கிறவரும் தடுக்கிறவரும் ஆளுக்கொரு பகடை உருட்டி, தங்கள் பலத்தை அதோடு கூட்ட வேண்டும். கூடுதல் எண் ஜெயிக்கும். பிடிபட்டது நகராது, விழுந்தது முட்டாது.

மதுரைக்காரர்கள் அதோடு விடுவார்களா? விளையாட்டின் விதிப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். மாடு வந்தால் ஜல்லிக்கட்டு வாடிவாசல் முறை. திமிலை ஒருவர்தான் அணையலாம். கொம்பு, வால், கால் எதைத் தொட்டாலும் ஃபவுல்.

அந்த ஞாயிறு கதையில் ஒரு பாலத்தின்மேல் இரும்புக் காளை வந்தது. திமிலில் முதலில் தொற்றியவன் ஜெயபாண்டியின் அத்தை மகன் நல்லகாமன். காளை நகர முடியாமல் நின்றது. ஆனால் கொம்புக்கு எதிரே, பாலச் சுவரோடு ஒட்டி, செம்பி. அவளுக்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சம். அடுத்த முட்டில் போய்விடும்.

காலை வாரிவிடுவதாகப் பாண்டிச்செல்வி சொன்னாள்.

"கால் ஃபவுலு தங்கச்சி. மாப்ள பிடிச்சிருக்கான்ல? நீ தள்ளி நில்லு," என்றார் ஜெயபாண்டி.

போன பொங்கலுக்கு ஓர் ஊர் ஜல்லிக்கட்டில் பெயர் பதிந்து, டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லி, பனியனும் மாட்டிக்கொண்டு நின்ற அவள் தம்பி மருதுவிடமும் தள்ளி நில்லு என்றுதான் சொன்னார்கள். எந்தத் தெரு என்று கேட்ட பிறகு. விதி என்பது வேண்டாதவன் கை நீட்டும்போது மட்டும் ஞாபகம் வருகிற சாமான்.

"வாடிவாசல் விதின்னா முழுசா வையிங்கண்ணே," என்றாள். "மூணு துள்ளு தாங்கிட்டா பிடிமாடு, அதோட மாட்டு ஆட்டம் முடிஞ்சுது. ஒங்க மாப்ள எம்புட்டு நேரமா தொங்குறாரு? மாடு ஏன் இன்னும் முட்டுது?"

"எனக்கும் அதான் வெளங்கல," என்று நல்லகாமன் முனகினான். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த அன்னக்கொடி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஜெயபாண்டி யோசித்தார். கடைசியில் புத்தக விதிப்படியே உருட்டலாம் என்றவர், வழக்கம்போல் தன் முன்னால் நிறுத்தியிருந்த அட்டைக்குப் பின்னே பகடையைக் கொண்டுபோனார்.

"வெளிய உருட்டுங்கண்ணே."

அவர் அட்டையைப் படுக்க வைத்தார்.

அவளுக்குப் பன்னிரண்டு விழுந்தது. செம்பியின் பலத்தோடு பதினேழு. காளையின் பகடை மேசை விளிம்புவரை ஓடி ஒன்பதில் நின்றது. காளையின் பலமும் ஒன்பது. ஆக பதினெட்டு.

ஒன்றில் போயிற்று. கொம்பு இறங்கியது.

ஜெயபாண்டிக்கே சங்கடமாகிவிட்டது. வேண்டுமானால் இன்னொரு தடவை உருட்டச் சொன்னார்.

"வேணாம்ணே. உருட்டித்தான தோத்தேன்."

பெஞ்சிலிருந்த சூரியபிரகாஷுக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு அவன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, காளைமேல் தொங்குகிறவனைப் பார்த்தாள்.

"நல்லகாமண்ணே, அடுத்த முட்டு ஒங்களுக்குத்தான். அந்த நாற்காலி எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்."

நல்லகாமன் பகடையை எடுத்தான்.