ஸ்பூனுக்காகக் கட்டிய இரண்டு பல்

பெரம்பலூரில் எங்கள் தெருவில் காணும் பொங்கலன்று அறுபது வயது தாண்டியவர்களுக்கு எலுமிச்சம்பழ ஓட்டம் நடக்கும். ஸ்பூனின் காம்பைப் பல்லில் கடித்து, குழியில் பழத்தை வைத்து, தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்ப வேண்டும். முதல் பரிசு எவர்சில்வர் குடம். மூன்று வருடமாக அதை வாங்கியவர் எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எனக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. என் பழம் எந்த வருடம் யார் வீட்டு வாசலில் விழுந்தது என்பதெல்லாம் டைரியில் இருக்கிறது.

சென்ற கார்த்திகையில் அந்த இடத்தில் எலும்பில் திருகாணி வைத்துப் புதுப்பல் கட்டிக்கொண்டேன். தெருவுக்குத் தெரிய வேண்டாமென்று அரியலூருக்குப் பஸ் ஏறிப் போய்க் கட்டினேன். வீட்டில், முறுக்கு கடிக்க முடியவில்லை என்று சொல்லியிருந்தேன். பொங்கல் வரை தெருவில் வாயை மூடியே சிரித்தேன்.

இந்தத் தையில் பழம் விழவில்லை. முதலாவதாக வந்து, வாய் திறந்து சிரித்தபடி குடத்தில் கை வைத்தேன்.

"செல்லாது டீச்சர்," என்றார் டிரைவர். "அண்ணன் வாயில இருக்கறது பல்லு இல்ல, நட்டு போல்ட்டு."

நடுவராக இருந்தவர் எங்கள் தெருவின் விளையாட்டு ஆசிரியை. "நீங்களும் கண்ணாடி போட்டுட்டுத்தானே ஓடுனீங்க?" என்று அவரைக் கேட்டார்.

"அது பேப்பர் படிக்கப் போட்டது. ஓடறப்ப மூக்குல இருந்துச்சு, அவ்வளவுதான். இவரு எதுக்குக் கட்டுனாருன்னு கேளுங்க."

ஆசிரியைக்கு அது நியாயமாகப் பட்டது. இழந்ததை ஈடுகட்டக் கட்டியிருந்தால் குடம் எனக்கு, ஜெயிப்பதற்கென்றே கட்டியிருந்தால் டிரைவருக்கு என்றார். இந்தக் கேள்வியைப் பற்றித் தடித்த புத்தகங்கள் இரண்டு படித்திருக்கிறேன். இரண்டுமே இவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வரவில்லை.

"முறுக்கு திங்கத்தான்," என்றேன்.

"டைரிய எடுத்தாரச் சொல்லுங்க," என்றார் டிரைவர். "அண்ணன் வாயில பொய் வரும். டைரில வராது."

நான் தடுப்பதற்குள் என் மனைவி டைரியோடு வந்துவிட்டாள். ஆசிரியை கார்த்திகைப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்: "அரியலூர். பல். காரணம்: ஸ்பூன்." கீழே வேறு மையில், "முறுக்கும்."

"இந்த முறுக்கு எப்ப எழுதுனது சார்?"

எதைத் திருத்தினாலும் ஓரத்தில் தேதி போடுவது என் வழக்கம். போட்டி நடந்த அந்தக் காணும் பொங்கல் தேதியும், காலை ஆறு மணி என்றும் போட்டிருந்தது.

குடம் எதிர்வீட்டுக்குப் போனது. எனக்கு இரண்டாம் பரிசாக மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. மனைவி அது நிறைய முறுக்கைப் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"தின்னுங்க. அதுக்குத்தானே கட்டுனீங்க."

ஏழு தின்றேன். பல் அசையவில்லை. அதையும் எழுதித் தேதி போட்டேன்.