மணப்பெண் மாற்றிய ஆயில்

கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் யாரைத் தேடுவீர்கள்? பொண்ணைத்தானே? போன வாரம் திருச்சுழி பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போன நானும் அப்படித்தான் தேடினேன். மறுநாள் அக்கா மகள் மாரிக்கு முகூர்த்தம். வாசலில் பந்தல், வாழைமரம், சொந்தபந்தம்... பொண்ணை மட்டும் காணோம்.

"எங்கக்கா மாரி?"

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியைக் காட்டினாள். அங்கே நின்ற பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து கொலுசு போட்ட இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன!

அந்த வண்டிக்கு ஓனரும் மாரிதான், டிரைவரும் மாரிதான். கொத்தமல்லி, பருத்தி மூட்டைகளை அருப்புக்கோட்டைக்கு ஏற்றிப் போவாள். அன்று சாயங்காலம் சீர்ச் சாமான்களையும் மண்டபத்துக்கு அவள்தான் கொண்டுபோக வேண்டும்.

"ஆயில் மாத்துற கெடு தாண்டிருச்சு மாமா. பழசை வடிச்சுட்டேன். இந்த ஃபில்டருதான் அசைய மாட்டேங்குது" என்றாள் உள்ளே இருந்தே.

"பழைய ஃபில்டரே இருக்கட்டும்மா. புது ஆயிலை ஊத்திட்டு எந்திரிச்சு வா."

"குளிச்சிட்டு யாராச்சும் அழுக்குச் சட்டையைப் போடுவாகளா மாமா?"

அதற்குள் வண்டியைச் சுற்றிக் கூட்டம். சுத்தியலால் தட்டு என்றார் ஒருவர். ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்பு என்றார் இன்னொருவர். குனிந்து பார்க்கத்தான் ஆளில்லை!

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையிடமிருந்து போன். கையெல்லாம் ஆயில் என்பதால் மாரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன பண்ணிக்கிட்டிருக்க?"

"வண்டிக்குக் கீழ படுத்திருக்கேன். ஃபில்டரு கழல மாட்டேங்குது."

"போச்சு! மாப்ள வீட்டுல என்ன நெனப்பாக?" என்று அக்கா தலையில் கை வைத்தாள்.

"அதைக் கழட்டுற ஸ்பேனர் வச்சிருக்கியா?" என்றார் மாப்பிள்ளை போனில்.

"இல்லீங்க."

"இரு, வாரேன்."

மாப்பிள்ளைக்கு ஊர் பாலவனத்தம். விசைத்தறி மெக்கானிக். கையில் ஸ்பேனரும் உடம்பில் வெள்ளைச் சட்டையுமாக பைக்கில் வந்து இறங்கியவர், "வாங்க மாப்ள" என்று நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார்.

"ஐயோ, இறுக்குறீக! அந்தப் பக்கம் திருப்புங்க."

"எந்தப் பக்கம்?"

"உங்களுக்கு இடது... இல்ல இல்ல, நீங்க படுத்திருக்கீகளே... கையக் குடுங்க!"

இருவரும் சேர்ந்து ஒரே இழுப்பு. கழன்றது ஃபில்டர். உள்ளே தங்கியிருந்த ஆயில் மொத்தமும் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில்!

கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவாரோ...? வண்டிக்கு அடியிலிருந்து முதலில் வந்தது அவருடைய சிரிப்புதான். அப்புறம் மாரியின் சிரிப்பு. அப்புறம் பந்தலே சிரித்தது.

புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் மாரி விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே திருகினாள். மாப்பிள்ளை புது ஆயிலை ஊற்றினார். ஸ்டார்ட் செய்ததும் டிரைவர் சீட்டுக்கு முன்னால் எரிந்த ஆயில் எச்சரிக்கை விளக்கு சமர்த்தாக அணைந்தது. எங்காவது ஒழுகுகிறதா? பட்டுச்சேலையும் வேட்டியுமாகக் கல்யாண வீடே குனிந்து பார்த்தது. ஒரு சொட்டு இல்லை!

யாரும் எதிர்பார்க்கவில்லை — அக்கா குலவை போட்டாள்.

நாம் என்னடாவென்றால் பத்துப் பொருத்தம் பார்க்க ஊர் ஊராக அலைகிறோம். இரண்டு பேரையும் ஒரு வண்டிக்கு அடியில் அரை மணி நேரம் படுக்க வைத்தால் தெரிந்துவிடாதா?