ஆறாம் கட்டத்தில் நின்ற படக்கதை

அறுபதுகளின் தொடக்கம். நாமக்கல் பக்கத்துக் கிணறுகளில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை கழன்று மோட்டார் இறங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்துவிட்டது, கரண்ட் என்றால் என்ன என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. விஞ்ஞான வாத்தியாரான நான் விவசாயப் பொருட்காட்சிக்கு ஒரு படக்கதை வரைந்தேன். எட்டுக் கட்டம், அட்டைக்கு இரண்டாக நாலு அட்டை.

கம்பியை வாய்க்காலாக வரைந்தேன், கரண்டைத் தண்ணீராக. தண்ணீர் பள்ளத்தைத் தேடுவதுபோல் அது மண்ணைத் தேடும். ஈரக் கையோடு தொடுகிறவன் கரையில் விழுந்த உடைப்பு. அவன் வழியே பாயும். ஆறாவது கட்டம் ஆயுத பூஜை. எங்கள் பக்கத்தில் அன்று கலப்பை, அரிவாள், மண்வெட்டி எல்லாம் கழுவிப் பொட்டு வைப்பார்கள். மோட்டார் வந்ததும் அதை ஓட்டிவிடும் ஸ்டார்ட்டர் பெட்டியையும் கழுவினார்கள்! அதைத் தடுக்கத்தான் இவ்வளவு பாடும். படத்தில் ஒருவர் சிரித்த முகமாய் ஸ்டார்ட்டர்மேல் குடத்துத் தண்ணீரை ஊற்றுகிறார். கீழே 'கூடாது' என்று எழுதினேன். ஏழில் அவர் மல்லாந்து கிடக்கிறார். கையில் ஏறிய சிவப்புக்கோடு பாதத்தில் இறங்கி மண்ணுக்குள் போகிறது. எட்டில் மெயினை அணைத்துவிட்டு உலர்ந்த துணியால் துடைக்கிறார்கள்.

பொருட்காட்சித் தலைவர் வந்து பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, நல்ல நாளும் அதுவுமா பொணத்தப் போட்டு வெச்சிருக்கறீங்க? மந்திரி வாராருங்க!"

"அது இல்லாட்டி கதையே இல்லீங்க."

"கதைக்குக் கூத்து ஏற்பாடு பண்ணியிருக்கறமுங்க. கழட்டுங்க அந்த அட்டைய."

ஏழோடு எட்டும் போயிற்று. ஆணியைப் பிடுங்கிக் கொடுத்ததும் நான்தான்.

மூன்று நாள் சனம் வந்தது. எழுத்தறியாதவர்கள் வாய்க்கால்மேல் விரல் வைத்து நடந்தார்கள், ஆறாவது கட்டத்தில் நின்றார்கள், சிரித்தவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஊற்றக் கூடாது என்று தொண்டை கிழியச் சொன்னேன். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம்.

பூஜைக்கு மறுநாள், ஜேடர்பாளையம் போகிற வழியில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு போட்டிருந்த காட்டுக்காரர் ஒருவரைக் கரண்ட் தூக்கியடித்ததாகக் கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நினைவில்லாமல் கிடந்தார். உயிர் நிற்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. வலது கை துணிப்பொதியாக இருந்தது. விரல்கள் போனதுதான் என்றார்கள்.

"உங்க படத்துல இருந்தாப்பலயேதானுங்க பண்ணுனாரு. சிரிச்சுட்டேதான் ஊத்துனாரு," என்றார் அவர் மனைவி. ஏசவில்லை. விவரம் சொன்னார்.

அங்கிருந்து நேராகத் தலைவர் வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"கூடாதுன்னுதான் எழுதியிருந்துதுல்லீங்க? படிக்கத் தெரியாதவனுக்கு நாம என்னங்க பண்றது?" என்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

கை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. 'செய்' என்பதைப் படத்திடம் கொடுத்துவிட்டு, 'செய்யாதே' என்பதை எழுத்திடம் விட்டவன் யார்? படிக்கத் தெரியாதவர்களுக்கென்று வரைய உட்கார்ந்து, உயிர்போகிற சொல்லை மட்டும் படிக்கிறவர்களுக்கு எழுதிய மடையன் யார்?

இரண்டு நாள் கழித்துக் காட்டுக்காரர் கண் விழித்தார். என்னைக் கண்டதும் மரியாதைக்கு எழப் பார்த்தார்.

"தப்பு எம்மேலதானுங்க சாமி. நீங்க சரியாத்தான் போட்டிருப்பீங்க. நாந்தான் முழுசாப் பாக்காம உட்டுட்டேன்."

மன்னிப்பு! அவர், என்னிடம். முழுசாக அங்கே எதுவும் இல்லை ஐயா, கழற்றிக் கொடுத்தவன் இதோ நிற்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெருந்தன்மையோடு மன்னிக்கிறவனைப்போல், தலையாட்டினேன்.