வெட்டிவிட்டு வளர்த்த காடு

ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றபோது பட்டான்செருவைத் தாண்டி அப்பா வாங்கிப்போட்ட நிலம் வெறும் மேய்ச்சல் தரிசு. எனக்கும் தம்பிக்கும் பொது. அதில் நான் ஒரு கன்றுகூட நடவில்லை. ஆடு நுழையாமல் வேலி போட்டேன், அவ்வளவுதான். மண்ணுக்குள் உயிரோடு கிடந்த பழைய வேர்களிலிருந்து புரசும் இலந்தையும் வெள்வேலமும் தாமாகவே எழுந்து வந்தன. ஞாயிறு பூசை முடிந்ததும் ஹப்சிகுடாவிலிருந்து அங்கேதான் ஓடுவேன். சில வருஷங்களில் தலைக்கு மேல் நிழல் வந்துவிட்டது. நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது.

பேகம்பேட்டில் ஒரு கார்பன் கம்பெனியோடு பேசி முடித்தது தம்பி. காற்றிலிருந்து மரங்கள் இழுக்கும் கரிக்குக் காசு கொடுப்பார்களாம். நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன். ஏற்கெனவே வளர்ந்து நிற்பதற்கு ஒன்றும் கிடையாது, வெறும் நிலத்தில் இனிமேல் வளர்வதற்குத்தான் என்று அவர்கள் சொன்னதை மட்டும் அவன் என்னிடம் மறைத்துவிட்டான்.

அடுத்த முறை போனபோது நிலம் மொட்டையாகக் கிடந்தது. மிஷின் வைத்துத் தரையோடு அறுத்திருந்தார்கள். வேலிக்கு வெளியே பக்கத்து ஊர் ஆட்டுக்காரர் நின்றிருந்தார். என் பேச்சை மதித்து இத்தனை வருஷம் மந்தையைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனவர். என் ஆடுகள் தின்றிருந்தால்கூட கொஞ்சம் மிச்சம் இருந்திருக்குமே அம்மா என்று தெலுங்கில் சொன்னார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டேன்.

"எதுக்குடா வெட்டுன?"

"டென்ஷன் நக்கோ அக்கா, பதறாத. வேர் இருக்குல்ல, மறுபடி வந்துடும். கம்பெனிக்காரங்க போட்டோ எடுக்கும்போது காலியா இருக்கணும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா விட்டிருப்பியா?"

பாவி. வேறு யாராவது வெட்டியிருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன். கூடப் பிறந்தவனை என்ன செய்ய?

மழை விழுந்ததும், அவன் சொன்னபடியே, அடிக்கட்டைகள் தளிர் விட்டன. வேலியில் கம்பெனி போர்டு தொங்கியது: இந்தக் காட்டை நாங்கள் வளர்க்கிறோம். ஆட்டுக்காரரைக் கூப்பிடுவோம், மந்தை ஒரு பகல் உள்ளே நின்றால் போதும், அவன் கணக்கெல்லாம் மண்ணாகிவிடும் என்று கேட்டைத் திறந்துவிட்டேன். அவரும் தூரத்தில் நின்று பார்த்தார். கூப்பிட வாய் வரவில்லை. தளிர் என்ன பாவம் செய்தது? கேட்டைச் சாத்திப் பூட்டினேன். பூட்டுவேன் என்று தெரிந்துதான் அவன் வெட்டியிருக்கிறான்.